பல ஆண்டு இடைவெளிக்குப் பின் ரிகர்வ் வில்லும் வில்வேட்டையும்: மீண்டும் தொடங்கும் முறை

பல ஆண்டுகளுக்குப் பிறகு ரிகர்வ் வில்லை (நுனிகள் முன்னோக்கி வளைந்த வில்) கையில் எடுப்பவரின் நிலை, புதிதாகக் கற்பவரின் நிலையைவிட ஒரு வகையில் சிக்கலானது. புதியவருக்கு எதுவும் தெரியாது என்பதால் சொல்வதைக் கேட்டுக்கொள்வார். திரும்பி வருபவருக்கோ, நாணை இழுத்த கணத்திலேயே பழைய பழக்கமெல்லாம் கைக்கு வந்துவிடுகிறது. தோளின் வலிமை மட்டும் அந்த வேகத்தில் வருவதில்லை. நான் 16 ஆண்டுகள் விட்டிருந்து, இழுக்க 55 பவுண்டு விசை வேண்டிய பழைய வில்லை மீண்டும் நாணேற்றிய முதல் நாளிலேயே 40 அம்புகள் எய்தேன். அடுத்த இரண்டு மாதங்கள் சட்டையை மாட்டுவதற்கே இன்னொரு கையின் துணை வேண்டியிருந்தது. கீழே சொல்லப்படும் வரிசையில் பாதி, அந்த இரண்டு மாதங்களில் கற்றது.

முதல் வேலை வில்லைச் சோதிப்பது. பெரும்பாலான ரிகர்வ் வில்கள் மரத்தையும் கண்ணாடியிழையையும் பசையால் அடுக்கி ஒட்டிச் செய்யப்பட்டவை. வெயிலில் நின்ற வாகனத்திலோ, சூடேறும் பரணிலோ ஆண்டுக்கணக்கில் கிடந்திருந்தால் அந்தப் பசை தளர்ந்திருக்கக்கூடும். ஆகவே லிம்ப்கள் எனப்படும், கைப்பிடிக்கு மேலும் கீழும் உள்ள வளையும் பகுதிகளின் விளிம்புகளை நல்ல வெளிச்சத்தில் வைத்து, அடுக்குகள் ஒட்டிய கோடு எங்காவது பிரிந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். பிறகு ஒரு பஞ்சுருண்டையை லிம்பின் மேல் இழுத்தால், கண்ணுக்குத் தெரியாத சிராய்களில் அது சிக்கி இடத்தைக் காட்டிக் கொடுக்கும். மேற்பூச்சில் மட்டும் உள்ள மெல்லிய ரேகைகளைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. ஒட்டிய கோட்டில் பிளவு இருந்தாலோ, லிம்பின் நுனியில் வெடிப்பு இருந்தாலோ அந்த வில்லை இழுக்கவே கூடாது. சந்தேகமாக இருந்தால் வில் செய்பவர் ஒருவரிடம் காட்டிவிடுவதே நல்லது.

நாண் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் அதை மாற்றிவிடுங்கள். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. நீளாத தன்மை கொண்ட நவீன நாண்கள் 1980களில்தான் பரவலாயின; அதற்கு முன் செய்யப்பட்ட வில்களின் நுனிகள் பெரும்பாலும் அவற்றின் அதிர்வைத் தாங்குமாறு வலுப்படுத்தப்பட்டவை அல்ல. அத்தகைய வில்லுக்கு, சற்றே நீண்டு கொடுக்கும் டேக்ரான் நாண்தான் பொருந்தும். நாணேற்றும்போது காலுக்கிடையில் வில்லைச் செருகி வளைக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிட்டு, நாணேற்றும் கயிற்றைப் பயன்படுத்துங்கள்; லிம்ப்கள் முறுக்கிக்கொள்வதற்கு அந்தப் பழைய வழக்கம் ஒரு முக்கியக் காரணம். ஏற்றிய பின் ஒரு நுனியிலிருந்து நாணின் வழியே பார்த்தால், அது இரு லிம்ப்களின் நடுவிலும் ஓட வேண்டும். கைப்பிடிக்கும் நாணுக்கும் இடையிலான தொலைவு, 60 அங்குல வில்லுக்கு ஏறத்தாழ ஏழரை அங்குலத்தில் தொடங்கலாம். நாணைச் சில முறுக்கு கூட்டியும் குறைத்தும் பார்த்து, வில் எங்கே மிகக் குறைந்த ஓசை தருகிறதோ அங்கே நிறுத்துங்கள். முதலில் சில அங்குலங்கள் மட்டும் இழுத்து மெதுவாகத் திரும்ப விடுங்கள், பிறகு சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். நெரியும் ஓசை கேட்டால் அதோடு நிறுத்துங்கள். அம்பு இல்லாமல் நாணை விடுவது எந்நாளும் கூடாது; அம்பு எடுத்துச் செல்ல வேண்டிய ஆற்றல் முழுவதும் வில்லுக்குள்ளேயே மோதும்.

அடுத்தது எடை, அதாவது வில்லை இழுக்கத் தேவைப்படும் விசை. வில்லில் எழுதியிருக்கும் பவுண்டு அளவு, வழக்கமாக 28 அங்குல இழுப்பில் எடுக்கப்பட்டது. உங்கள் இழுப்பு ஓரங்குலம் கூடினாலோ குறைந்தாலோ சுமார் இரண்டு முதல் மூன்று பவுண்டு வரை மாறும். ஆகவே வில்லில் உள்ள எண்ணையும் பழைய நினைவையும் நம்பாமல், இன்றைய இழுப்பை அங்குலக் குறிகள் இட்ட ஓர் அளவு அம்பால் அளந்துகொள்ளுங்கள். உடலின் நிமிர்வு மாறியிருந்தால் அது குறைந்தும் இருக்கலாம். முன்பு 50 பவுண்டு எய்தவர் 30 அல்லது 35 பவுண்டில் தொடங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. லிம்ப்களைக் கழற்றி மாட்டக்கூடிய வில் இருந்தால், கைப்பிடியை மாற்றாமல் எடை குறைந்த லிம்ப்களை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். என் கருத்தில் திரும்பி வருபவருக்கு இதைவிடப் பயனுள்ள செலவு வேறில்லை. முழு இழுப்பில் பத்து வினாடிகள் நடுக்கமின்றி நிற்க முடியாத எடை உங்களுடையதல்ல. தசைகள் சில வாரங்களில் வலுப்பெற்றுவிடும், தசைநாண்களுக்கு அதைவிட நெடுங்காலம் தேவை. வலி தெரியாமலேயே எடையைக் கூட்டிவிட்டுப் பிறகு தோளைப் பிடித்துக்கொண்டு உட்காருபவர்கள் மறந்துவிடுவது இதைத்தான். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு 30 அம்புகள் போதும், களைப்பு தெரிந்தால் அதற்கும் முன்பே நிறுத்திவிடலாம்.

முதல் ஒரு மாதம் இலக்கே வேண்டாம். மூன்று மீட்டர் தொலைவில், புள்ளி எதுவும் இல்லாத வைக்கோல் கட்டின் முன் நின்று எய்யுங்கள். முடிந்தால் கண்ணை மூடிக்கொண்டு எய்யுங்கள். சித்திரமும் கைப்பழக்கம் என்பார்கள். பிழையும் கைப்பழக்கம்தான், அதுவே முதலில் திரும்பி வரும். பழைய வில்லாளர்கள் பலரிடம் ஒளிந்திருக்கும் பெரும்பிழை, விரல் வாயோரத்தைத் தொடுவதற்கு முன்பே அம்பை விட்டுவிடுவது. இலக்கைக் கண்டதும் மனம் பொறுக்காமல் விரல் திறந்துவிடுகிறது. இதற்கு மருந்து, எய்யாமல் இறக்குவது: முழுதாக இழுத்து, நடுவிரலை வாயோரத்தில் ஊன்றி, இரண்டு வரை எண்ணி, அம்பை விடாமலேயே நாணை மெல்லத் தளர்த்துங்கள். ஒவ்வொரு மூன்றாவது இழுப்பையும் இப்படி இறக்கிவிடப் பழகினால், எய்வதா வேண்டாமா என்ற முடிவு மீண்டும் உங்கள் கைக்கு வந்துவிடும். வேட்டையில் இந்தத் திறன் எவ்வளவு தேவை என்பது பின்னால் தெரியும். இழுக்கும்போது புயத்தால் இழுக்காமல், தோள்பட்டை எலும்பை முதுகெலும்பை நோக்கி நகர்த்துவதில் கவனம் இருக்கட்டும். விரலைத் திறக்க முயலாமல், பிடியைத் தளர்த்திவிட்டால் நாணே வழியைத் தேடிக்கொள்ளும். கண்களில் எது முதன்மையானது என்பதையும் மறுபடி சோதியுங்கள், ஏனெனில் ஆண்டுகள் கழிந்த பின் அது மாறியிருக்கவும் கூடும்.

அம்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்பைன் எனப்படும் விறைப்பு, வில்லின் எடைக்குப் பொருந்த வேண்டும். 55 பவுண்டுக்குத் தேர்ந்த பழைய அம்புகளை 35 பவுண்டு வில்லில் வைத்தால் அவை மிகை விறைப்பாகி, வலக்கையால் நாணை இழுப்பவருக்கு இடப்புறம் விழும். அதைத் தம் கையின் குறை என்று எண்ணி, இல்லாத பிழையைத் திருத்த முயல்பவர்கள் உண்டு. இறகு ஒட்டாத ஓர் அம்பையும் இறகுள்ள அம்புகளையும் பத்து மீட்டரிலிருந்து எய்து ஒப்பிட்டால் உண்மை தெரியும். இறகற்றது இடப்புறம் போனால் முனையின் எடையைக் கூட்டுங்கள். வலப்புறம் போனால் அம்பைச் சிறிது சிறிதாகக் குறுக்குங்கள். அம்பின் மொத்த எடை, வில்லின் ஒவ்வொரு பவுண்டுக்கும் எட்டு முதல் பத்து கிரெயின் (ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம்) வரை இருந்தால் வில்லும் நிலைக்கும், ஓசையும் குறையும். கார்பன் அம்பை ஒவ்வொரு முறையும் வளைத்துப் பார்த்து, கீறல் ஓசை வந்தால் முறித்தே எறிந்துவிடுங்கள், இல்லையெனில் அது பிறகு கையைக் குத்தும்.

வேட்டைக்குத் திரும்புவது தனி முடிவு. வேட்டையை அடியோடு தடைசெய்த நாடுகள் உண்டு, அங்கே விலங்கு வடிவ இலக்குகளோடு நின்றுவிட வேண்டும். அனுமதி உள்ள இடங்களிலும் உரிமம், பருவம், விலங்குக்கேற்ற வில்லின் குறைந்தபட்ச எடை ஆகியவை நீங்கள் விட்டிருந்த காலத்தில் மாறியிருக்கக்கூடும். மானுக்கு 35 அல்லது 40 பவுண்டைக் குறைந்த அளவாக வைத்திருக்கும் விதிகள் பல இடங்களில் உள்ளன.

உங்கள் தொலைவை முடிவு செய்ய வேண்டியது அன்றைய முதல் அம்பு. உடல் சூடேறாத காலையில், வேட்டை உடையோடு, ஒரே ஓர் அம்பை எய்து பாருங்கள். பத்து காலைகளில் ஒன்பதிலாவது ஒரு சிறு தட்டின் அளவுக்குள் அது விழும் தொலைவே உங்கள் எல்லை. பெரும்பாலோருக்கு அது 15 அல்லது 18 மீட்டரைத் தாண்டாது. ரிகர்வ் வில்லின் அம்பு வினாடிக்கு ஏறத்தாழ 52 மீட்டர் வேகத்தில் போகிறது. ஒலியோ 343 மீட்டர் வேகத்தில் போகிறது. 18 மீட்டரில் நாணின் ஓசை மானின் காதை எட்டிய பின், அம்பு வந்து சேர இன்னும் 0.3 வினாடி ஆகும். திடுக்கிட்ட மான் தாவுவதற்காக உடலைத் தாழ்த்த அது போதும். ஆகவே தலையுயர்த்தி நிற்கும் விலங்கின் மேல் எய்யாதீர்கள். பக்கவாட்டில் நிற்பது அல்லது சற்று விலகித் திரும்பி நிற்பது மட்டுமே எய்வதற்குரிய நிலை. நேர் எதிரே பார்த்து நிற்பதையும் செடி மறைப்பதையும் கண்டால், பழகிய முறையில் நாணை இறக்கிவிடுங்கள்.

அம்பு கொல்வது இரத்த இழப்பால்தான். அதனால் முனையின் கூர்மை எடையைவிட முதன்மையானது. நகத்தின் மேல் சாய்த்து வைத்தால் வழுக்காமல் பற்ற வேண்டும். மரத்தின் மேல் கட்டிய மேடையில் அமர்வதானால், தரையை விட்டு ஏறும் கணம் முதல் இறங்கும் வரை பாதுகாப்புப் பட்டையைக் கழற்றக் கூடாது.

எய்த பின் உடனே இறங்கி ஓடாதீர்கள். விலங்கு நின்ற இடத்தையும் கடைசியாக மறைந்த இடத்தையும் குறித்துக்கொண்டு, அரை மணி நேரம் காத்திருந்து, முதலில் அம்பைத் தேடுங்கள். நுரையோடு கூடிய இளஞ்சிவப்பு இரத்தம் நுரையீரலைக் காட்டும், தடத்தைத் தொடரலாம். கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரலாக இருக்கலாம், சில மணி நேரம் பொறுக்க வேண்டும். பச்சைக் கசடும் நாற்றமும் இருந்தால் வயிற்றில் பட்டிருக்கிறது; வந்த வழியே ஓசையின்றித் திரும்பிச் சென்று, எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டு, துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு வாருங்கள்.