தெருவில் ஒரு புங்கமரம் வைப்பது எப்படி

சென்னையில் ஜூன் 5 அன்று மரம் நடாதீர்கள். அக்னி நட்சத்திரம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். பெருமழைக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. வேளச்சேரியில் எங்கள் தெருவில் ஒரு சுற்றுச்சூழல் நாளில் பதினோரு கன்றுகள் நட்டோம். ஆடி முடிவதற்குள் எட்டு காய்ந்துபோயின. தோட்டமும் தெருவும் வடிவமைப்பதே என் தொழில். தேதி தவறு என்று தெரிந்தும், கூடியிருந்தவர்களின் உற்சாகத்தைக் கெடுக்க மனமில்லாமல் பேசாமல் இருந்துவிட்டேன். அந்த எட்டுக் கன்றுகள் இன்றும் மனத்தை உறுத்துகின்றன. இப்போது ஆவணி, புரட்டாசியில்தான் நடுகிறேன். ஐப்பசி மழை இறங்குவதற்குள் வேர் புது மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

எந்த மரம் என்பது அடுத்த கேள்வி. மேலே மின்கம்பி போனால் மந்தாரை, பவழமல்லி போல உயராதவை போதும். கம்பி இல்லாத பக்கத்துக்கு என் முதல் தேர்வு புங்கன். உப்பு மண்ணையும் சில நாள் தேங்கும் நீரையும் தாங்கும்; வெயில் ஏறும் பங்குனியில் புதுத் தளிர் விட்டு நிழலைத் திரும்பக் கொடுக்கும். பூவரசும் மகிழமும் நல்லவையே. ஆலும் அரசும் கோயில் குளக்கரைக்கு உரியவை. இருபதடித் தெருவில் வைத்தால் பின்னால் வெட்டத்தான் வேண்டியிருக்கும். சாலை நடுவே வரிசையாக வைக்கும் கோனோகார்பஸ் வேண்டவே வேண்டாம். குஜராத் அரசு 2023 இல் அதைத் தடை செய்தது.

ஆனால் மரத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது குழிதான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கடந்த மறுநாள் தெருத்தெருவாக நடந்தேன். சாய்ந்துகிடந்தவற்றில் மயில்கொன்றையும் இயல்வாகையும் தூங்குமூஞ்சியும் நிறைய. ஒரு மயில்கொன்றையின் அடியில் குனிந்து பார்த்தேன். வேர்க்கட்டு சதுரமாக இருந்தது. நடைபாதைக் கல்லும் சிமென்டும் விட்டுவைத்த அந்த இரண்டடிச் சதுரத்தை அச்சு வார்த்ததுபோல் வேர்கள் மூலைகளில் மடங்கித் திரும்பியிருந்தன. அந்த மரத்துக்குக் காலூன்ற இடமே கொடுக்கப்படவில்லை. அன்றிலிருந்து கன்று வாங்கும் பணத்தைவிடக் குழிக்கு அதிகம் செலவழிக்கிறேன்.

நடைபாதையில் தோண்டுவதற்கு முன் மாநகராட்சியின் அனுமதி வாங்குங்கள். குடிநீர்க் குழாயும் மின்கேபிளும் எங்கே போகின்றன என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றும் மூன்றடி. முதல் ஒன்றரை அடியில் பெரும்பாலும் கட்டட இடிபாடுதான் வரும். காரையும் சிமென்ட் கட்டியும் மண்ணைக் காரமாக்கும், அதைத் திரும்பப் போடக் கூடாது. எங்கள் பகுதிபோல் களிமண்ணாக இருந்தால் கடப்பாரை பட்ட பக்கங்கள் பானைபோல் வழவழப்பாகிவிடும், வேர் அதைத் துளைக்காது. எனவே பக்கங்களைக் கொத்திக் கரடுமுரடாக்குங்கள். பிறகு குழி நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாளும் வடியாமல் நின்றால் அடியை இன்னும் ஓரடி குத்திவிட வேண்டும். நல்ல மேல்மண் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மட்கிய எரு ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். பெசன்ட் நகர்போல் மணற்பாங்கான இடத்தில் எருவைக் கூட்டிக்கொள்ளலாம்.

ஆறடிக் கன்றாக வாங்குங்கள். உயரத்தைவிடத் தண்டின் பருமனைப் பாருங்கள். பையைப் பிளேடால் கீறி எடுத்ததும் அடியைக் கவனியுங்கள். வேர் வளையம்போல் சுருண்டிருந்தால் அந்தச் சுருளைக் கத்தரித்துவிடுங்கள். பாவமாகத்தான் இருக்கும். விட்டுவைத்தாலோ அதே வேர் பின்னாளில் தண்டைச் சுற்றி நெரிக்கும். தண்டு விரிந்து வேராகும் இடம் மண்மட்டத்தில் இருக்கட்டும், புதைய வேண்டாம். சவுக்குக் கம்பை ஓரமாக ஊன்றி, தேங்காய் நார்க் கயிற்றால் எட்டுப் போல் சுற்றித் தளர்வாகக் கட்டுங்கள். காற்றில் சற்று ஆடினால்தான் தண்டு தடிக்கும். இரும்புக் கம்பியால் கட்டவே கூடாது. மரம் தடிக்கும்போது அது பட்டைக்குள் இறங்கிவிடும்.

ஓட்டையிட்ட இரண்டடி பிவிசி குழாய் ஒன்றைக் குழிக்குள் செங்குத்தாகப் புதைத்து, அதில் ஜல்லி நிரப்பிவிடுவேன். தண்ணீரில் பாதியை அதில் ஊற்றினால் வேர் கீழ்நோக்கித் தேடிப் போகும். முதல் கோடையில் வாரம் மூன்று முறை, முறைக்கு இரண்டு குடம். ஏ.சி. வடிநீரை ஊற்றலாம், அதில் உப்பு இல்லை. ஆர்.ஓ. கழிவுநீரைத் தவிர்த்துவிடுங்கள்.

குழியின் மேற்பரப்பை நடைபாதையைவிட இரண்டங்குலம் தாழ்வாக விட்டால் மழைநீர் தானாக வந்து சேரும். அந்தத் திறந்த மண்ணைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. எங்கள் தெருவில் புதிதாக நடைபாதை போட வந்தவர்கள் தண்டை ஒட்டிச் சிமென்ட் கொட்டத் தயாரானார்கள். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் ஆரத்துக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013 இல் தில்லிக்குப் பிறப்பித்த ஆணையைக் காட்டி, அரை மணி நேரம் மன்றாடினேன். மூன்றடிச் சதுரம் கிடைத்தது.

எதிர்வீட்டுப் பாட்டிக்கு இலை உதிர்வதுதான் கவலை. "குப்பையை யாரம்மா கூட்டுவது?" என்று கேட்டார். ஒரு துடைப்பத்தோடு போய் நானே கூட்டி, சருகைக் குழிக்குள் தள்ளிக் காட்டினேன். வெயிலில் மண் காயாமல் இருக்க அதைவிட நல்ல மூடாக்கு இல்லை. நட்ட ஐந்தாம் சித்திரையில் பூ கொட்டியது, வாசலெங்கும் பொரி சிந்தியதுபோல். காலை ஆறு மணிக்குப் பாட்டியே கூட்டி, ஒரு முறம் நிறைய அள்ளிக் குழியில் பரப்பிக்கொண்டிருந்தார்.