கழிவுநீர் பிளான்ட் வைப்பதற்கு முன்: கொழும்பில் கடைகளும் தொடர்மாடிகளும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாப்பாட்டுக் கடையோ, பத்து வீட்டுத் தொடர்மாடியோ, பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதியோ, கழிவுநீர் பற்றிய பேச்சு எழுவது பெரும்பாலும் குழி நிரம்பி வழிந்த பிறகுதான். இல்லாவிட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பீ.எச்.ஐ.) வந்து எச்சரித்துவிட்டுப் போன பிறகு. அந்த அவசரத்தில் யாரோ ஒருவர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஒரு பிளான்ட்டுக்கு விலை சொல்வார், நாமும் சரி என்று தலையாட்டிவிடுவோம். வீணாய்க் கிடக்கும் பிளான்ட்டுகள் பலவற்றின் கதை இங்கேதான் தொடங்குகிறது. எவ்வளவு தண்ணீர் வரும், அதில் என்ன கலந்து வரும், இதை நாளைக்கு யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்ற மூன்று கேள்விகளையும் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். மூன்றாவது கேள்வியைத்தான் நான் முதலில் வைப்பேன். பார்க்க ஆள் இல்லாத இடத்தில் எந்தத் தொழில்நுட்பமும் நிலைக்காது.

அதற்கும் முன்னால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். உங்கள் வீதியில் ஏற்கனவே கழிவுநீர்க் குழாய் போகிறதா? கொழும்பு மாநகரசபை எல்லைக்குள் பெரும்பகுதிக்கு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போடத் தொடங்கிய குழாய் வலையமைப்பு இருக்கிறது. இரத்மலானை, மொறட்டுவை பக்கத்திலும் ஜா-எல, ஏக்கலை பக்கத்திலும் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் திட்டங்கள் இருக்கின்றன. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கடை வைத்திருப்பவர் பிளான்ட்டுக்குக் காசைக் கொட்டுவதற்கு முன் மாநகரசபையில் இணைப்பு எடுக்க முடியுமா என்று விசாரிப்பதுதான் புத்தி. வத்தளை, ஹெந்தளை, கொலன்னாவையின் உட்புறம் என்று குழாய் எட்டாத இடங்களுக்குத்தான் இனி வரும் பேச்சு முழுவதும் பொருந்தும். எண்ணெய் பற்றிய பகுதி மட்டும் எல்லோருக்கும் உரியது.

மின்சாரத்தை நம்பி வாங்குவது

கடைகளில் காட்டப்படும் சிறிய பிளான்ட்டுகள் பலவும் காற்று ஊதி இயங்குபவை. ஒரு புளோவர் இரவு பகலாகத் தொட்டிக்குள் காற்றை அனுப்பும், ஒட்சிசனில் வாழும் பக்டீரியா அழுக்கைத் தின்னும். ஒழுங்காக ஓடினால் தண்ணீர் நன்றாகவே தெளியும், இடமும் குறைவாகப் போதும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் புளோவர் நின்று சில மணித்தியாலம் போனால் அந்தப் பக்டீரியா சாகத் தொடங்கும், தொட்டி நாறும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டப்பட்டதை நாம் மறக்கவில்லை. அதே ஆண்டு ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் ஏறியது. மின்சாரப் பில்லைக் குறைக்க வேண்டிய நெருக்கடியில் ஒரு கடை முதலாளியின் கை முதலில் எந்த சுவிட்சுக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. குளிர்சாதனப் பெட்டியை நிறுத்தினால் மீன் கெட்டுவிடும். புளோவரை நிறுத்தினால் அன்றைக்கு எதுவும் தெரியாது.

அதனால்தான் சிறிய இடங்களுக்கு மோட்டார் இல்லாத ஒழுங்கை முதலில் யோசிக்கச் சொல்கிறேன். முதலில் ஒரு செப்டிக் டேங்க். அடுத்து, குறுக்குச் சுவர்களால் நான்கைந்து அறைகளாகப் பிரித்த ஒரு தொட்டி. பொறியியலாளர்கள் இதை ஏ.பி.ஆர். என்பார்கள். ஒவ்வொரு அறையிலும் தண்ணீர் கீழே இறக்கப்பட்டு, அடியில் படிந்திருக்கும் சேற்றுக்குள்ளால் மேலேறி அடுத்த அறைக்குப் போகும். சேற்றில் இருக்கும் பக்டீரியாவுக்குக் காற்று தேவையில்லை, போகிற தண்ணீரிலிருந்து அவை தங்கள் சாப்பாட்டை எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு கல் அல்லது பிளாஸ்டிக் துண்டுகள் நிரப்பிய வடிகட்டி ஒன்று. இடம் இருந்தால் கடைசியில் கல்வாழையோ சம்புப் புல்லோ நட்ட சரளைப் படுக்கை. முதல் மூன்றையும் நிலத்துக்குக் கீழே கட்டி மேலே வாகனம் நிறுத்தலாம், காணி விலை ஏறிய கொழும்பில் இது பெரிய விஷயம். சரிவு சரியாக இருந்தால் பம்ப் கூட வேண்டாம்.

இதற்கும் எல்லை உண்டு. தண்ணீர் மெதுவாக ஏற வேண்டும், மணிக்கு ஒரு மீற்றருக்குள் இருந்தால் நல்லது. அதைத் தாண்டினால் சேறும் சேர்ந்து அடித்துக்கொண்டு போகும். தொடங்கி முதல் மூன்று மாதம் முதல் ஆறு மாதம் வரை முழுப் பலன் தெரியாது. ஏற்கனவே நன்றாக ஓடும் செப்டிக் டேங்க்கிலிருந்து கொஞ்சம் சேறு கொண்டுவந்து ஊற்றினால் அந்தக் காலம் குறையும். அப்புறம், இதிலிருந்து வரும் தண்ணீர் தெளிந்து தெரிந்தாலும் கிருமி போயிருக்காது. அதைக் கீரைப் பாத்திக்கு விட வேண்டாம்.

செப்டிக் டேங்க் ஒன்றே போதும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. தண்ணீரில் உள்ள அழுக்கை பக்டீரியா தின்று தீர்க்க எவ்வளவு ஒட்சிசன் வேண்டும் என்பதுதான் பீ.ஓ.டீ. அளவு. 2008 இல் வர்த்தமானியில் வந்த தராதரங்களின்படி ஆறு, வாய்க்கால் போன்ற உள்நாட்டு நீர்நிலைகளுக்கு விடும் தண்ணீரில் அது லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. தண்ணீரில் கரையாமல் தொங்கி நிற்கும் திண்மங்கள் 50, எண்ணெயும் கொழுப்பும் 10. வீட்டுக் கழிவுநீரே 200, 300 என்று வரும். செப்டிக் டேங்க் அதில் பாதியைக் குறைத்தாலே பெரிது. எனவே செப்டிக் டேங்க்கின் வெளிக்குழாயை நேரே வடிகானில் விடுவது எந்தக் கணக்கிலும் சரிவராது. அந்தத் தண்ணீர் பெய்ரா வாவிக்கோ வெள்ளவத்தைக் கால்வாய்க்கோ போய்ச் சேரும்.

எண்ணெய்

என் அனுபவத்தில் கொழும்பில் எந்த ஒழுங்கையும் முதலில் கொல்வது எண்ணெய்தான். வடை, ரோல்ஸ், கொத்து, டெவல் என்று நம் கடைகளின் சமையல் அப்படி. சட்டி கழுவும் சுடுநீரில் எண்ணெய் உருகி ஓடும், குழாயில் பத்தடி போனதும் ஆறி உறையும். தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தால் மேலே தடித்த ஆடையாகப் படிந்து, வடிகட்டியின் கல் இடுக்கையும் அடைத்துவிடும். அதற்குப் பிறகு அந்தக் கல்லை வெளியே எடுத்துத்தான் கழுவ வேண்டும்.

எண்ணெயைப் பிடித்து வைக்கும் கிறீஸ் ட்ராப் வைத்திருக்கிறோமே என்பார்கள். சிங்க்குக்குக் கீழே ஐம்பது லீற்றர் பெட்டி ஒன்று இருக்கும். அது போதுமா என்று பார்ப்போம். ஒரு நாளைக்கு 200 சாப்பாடு போகும் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு 25 லீற்றர் தண்ணீர் என்றால் மொத்தம் 5,000 லீற்றர். அதில் பாதி, பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் வரும். அப்படியென்றால் மணிக்கு 1,250 லீற்றர். எண்ணெய் பிரிந்து மேலே மிதக்க அரை மணித்தியாலமாவது தண்ணீர் அசையாமல் நிற்க வேண்டும். அதற்கு 600 லீற்றருக்கு மேல் கொள்ளும் தொட்டி வேண்டும். ஐம்பது லீற்றர் பெட்டியில் அந்தத் தண்ணீர் இரண்டரை நிமிடம்கூட நிற்காது. நாள் கணக்கைப் பார்த்து அளவெடுப்பதுதான் இங்கே நடக்கும் தவறு, நெரிசல் நேரத்தைப் பார்த்து எடுக்க வேண்டும்.

அளவு சரியாக இருந்தாலும் துப்புரவு செய்யாவிட்டால் பயனில்லை. மூடியைத் திறந்தால் சாம்பலும் மஞ்சளும் கலந்த ஒரு தட்டு தெரியும், அதில் கறிவேப்பிலையும் சோற்றுப் பருக்கையும் ஒட்டியிருக்கும். ஒரு தடியை மெதுவாக இறக்கினால் அந்தத் தட்டு எங்கே முடிந்து தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று கைக்குத் தெரியும். தொடர்ந்து இறக்கினால் அடியில் படிந்த மண்டி எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். மேல் தட்டும் அடி மண்டியும் சேர்ந்து ஆழத்தில் கால்வாசியைப் பிடித்துவிட்டால் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். பொரியல் அதிகமுள்ள கடையில் இது வாரத்துக்கு ஒருமுறை வரும். எடுத்ததை வடிகானில் கொட்டினால் செய்த வேலை எல்லாம் வீண். வாளியில் அள்ளி, உமியோ மரத்தூளோ கலந்து, பையில் கட்டிக் குப்பையோடு கொடுங்கள். சட்டியில் மிஞ்சிய பொரித்த எண்ணெயைத் தனியாகப் போத்தலில் சேர்த்தால் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். சாப்பாட்டுத் தட்டைக் கழுவுவதற்கு முன் துடைத்தெடுக்கும் பழக்கம் ஒன்றே சுமையை நன்றாகக் குறைக்கும். அதைச் செய்யும் பையனுக்குக் காரணத்தைச் சொல்லிக் கொடுங்கள், சொன்னால் செய்வார்கள்.

சுடுநீரையும் சவர்க்காரத்தையும் ஊற்றி ட்ராப்பைக் கழுவிவிடுவதை மட்டும் செய்யாதீர்கள். கண்ணுக்கு அது துப்புரவாகத் தெரியும், எண்ணெய் முழுவதும் அடுத்த தொட்டிக்குப் போயிருக்கும்.

மழையும் நிலத்தடி நீரும்

கொழும்பில் ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை. ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் பெய்தால் 100 சதுர மீற்றர் கூரையிலிருந்து மட்டும் 10,000 லீற்றர் தண்ணீர் வரும். மேசன் பாஸ் வசதிக்காகக் கூரைப் பீலியையும் முற்றத்து வடிகானையும் கழிவுநீர்க் குழாயோடு இணைத்துவிட்டால், மேலே சொன்ன கடையின் இரண்டு நாள் கழிவுநீருக்குச் சமமான தண்ணீர் ஒரே நாளில் கூடுதலாக வந்து விழும். பல மாதமாகச் சேர்ந்த சேற்றை அது ஒரே தள்ளில் வெளியே தள்ளிவிடும். மழைநீருக்குத் தனிக் குழாய் போடுவது கட்டும்போது சின்னச் செலவு, பிறகு செய்வதென்றால் தரையை உடைக்க வேண்டும்.

அடுத்தது, தொட்டியிலிருந்து வரும் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழி. கபுக் என்னும் செம்புறைக்கல் மண் உள்ள மேட்டுக் காணியில் தண்ணீர் ஓரளவு இறங்கும். களனி கங்கைக்குப் பக்கத்துத் தாழ்வான இடத்திலும், சதுப்பை நிரப்பிய காணியிலும் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். அங்கே ஆழமாகத் தோண்டுவது நேரே நிலத்தடி நீருக்குள் அழுக்கை விடுவதற்குச் சமம். பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு அது போகும். 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவை, கடுவெலைப் பக்கம் தண்ணீர் ஏறியபோது குழிகளும் சேர்ந்து நிரம்பின. இப்படிப்பட்ட காணியில் மேடாக எழுப்பிய சரளைப் படுக்கைதான் பொருத்தம். குழி வெட்டுவதற்கு முன் சின்னக் குழி ஒன்றைத் தோண்டி, தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பாருங்கள். மழைக்காலத்தில் பார்ப்பது முக்கியம், மார்ச் மாத வெயிலில் எல்லா மண்ணும் தண்ணீரைக் குடிக்கும்.

ஃபைபர் தொட்டி புதைப்பவர்கள் கவனியுங்கள். 2,000 லீற்றர் தொட்டி வெறுமையாக இருக்கும்போது சுற்றிலும் தண்ணீர் ஏறினால் கிட்டத்தட்ட இரண்டு தொன் விசை அதை மேலே தள்ளும். மழைநாளில் கழிவு உறிஞ்சும் பவுசர் வண்டி வந்து முழுவதையும் உறிஞ்சிய அன்று தொட்டி மேலே எழும்பி, குழாய்கள் முறியும். அடியில் கொங்கிரீட் பலகை போட்டு அதோடு கட்டிவையுங்கள், சேறு எடுப்பதை வரண்ட மாதத்துக்கு வையுங்கள்.

பௌடரும் பிளீச்சும்

குழிக்குள் போட்டால் இனி சேறே எடுக்க வேண்டாம் என்று விற்கும் பௌடரை நம்ப வேண்டாம். தேவையான பக்டீரியா கழிவிலேயே இருக்கிறது. மணலும் மண்டியும் எந்தப் பௌடராலும் கரையாது. மலசலகூடத்துக்கு வாரத்துக்கு ஒருமுறை அளவோடு கிருமிநாசினி பாவிப்பதால் பெரிய கேடில்லை. தினமும் போத்தல் கணக்கில் பிளீச் ஊற்றும் விடுதிகளில் தொட்டி வேலை செய்யாது. காற்றுக் குழாயின் வாயில் வலை கட்டுங்கள், வெடித்த மூடியை மாற்றுங்கள், டெங்கு நுளம்பு செப்டிக் டேங்க்கிலும் பெருகும். சரளைப் படுக்கையில் தண்ணீர் கல்லுக்கு மேலே தெரியக்கூடாது, தெரிந்தால் எங்கோ அடைப்பு.

சேறு எடுக்கும்போது ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: எவரையும் தொட்டிக்குள் இறங்க விட வேண்டாம். உள்ளே நிற்கும் ஐதரசன் சல்பைட் வாயு ஓரிரு மூச்சிலேயே ஆளை விழுத்தும். விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து இறந்த சம்பவங்கள் நம் நாட்டிலும் நடந்திருக்கின்றன. அதனால் ஒவ்வொரு அறைக்கும் மேலே குழாய் இறங்கக்கூடிய மூடி வைத்துக் கட்டச் சொல்லுங்கள். பவுசர் வந்து நிற்கும் தூரத்தையும் அளந்து பாருங்கள். பவுசர் வராத முடுக்குக்குள் தொட்டி கட்டினால் நாளைக்குக் கையால் அள்ளத்தான் ஆள் தேடுவார்கள்.

தொடர்மாடிகளிலும், பல குடும்பங்கள் நெருங்கி வாழும் தோட்டங்களிலும் வேறொரு சிக்கல் உண்டு. தொட்டி எல்லோருக்கும் பொது, அதனால் யாருக்கும் சொந்தமில்லை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை பவுசர் காசு சேர்க்கப் போனால் கதவைத் திறக்க மாட்டார்கள். மாதாந்தப் பராமரிப்புக் காசோடு சின்னத் தொகை ஒன்றைச் சேர்த்து வாங்கி, தனிக் கணக்கில் போடுவது நல்லது. மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து பார்க்கும் ஒருவருக்கு அதிலிருந்து சம்பளம் கொடுங்கள். சும்மா செய்யச் சொன்னால் இரண்டாம் மாதமே நின்றுவிடும்.

விலை கேட்பதற்கு முன், கட்டித் தருபவரிடம் அவர் மூன்று வருடத்துக்கு முன் கட்டிய ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே போய் முதலாளியோடு பேசுவதைவிட, அதைத் துப்புரவு செய்பவரோடு பேசுங்கள். கடைசியாக எப்போது திறந்தார், எதை எடுத்தார், எவ்வளவு நேரம் பிடித்தது என்று கேளுங்கள். அவருக்குப் பதில் தெரியாவிட்டால் அந்தப் பிளான்ட்டை வாங்காதீர்கள்.