ஸ்டாப் ஷாட் நிற்க மறுத்தால்: பாக்கெட் பில்லியர்ட்ஸில் தேங்கி நிற்பவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

வாரத்தில் மூன்று மாலைகள் என்று மூன்று ஆண்டுகள் ஆடியும் என் ஆட்டம் ஓரங்குலம்கூட நகரவில்லை. கடினமான நான்கு பந்துகளை வரிசையாகப் பாக்கெட்டில் போட்டுவிட்டு, ஐந்தாவதாக வரும் நேர்ப் பந்தை, அதுவும் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடலாம் என்று தோன்றும் பந்தை, தவறவிடுவேன். எதிராளியை நாற்காலியிலேயே உட்கார வைத்துவிட்டு ஒரு ரேக்கை, அதாவது ஓர் ஆட்டத்துக்கு மேசையில் அடுக்கும் பந்துகளை, முழுவதுமாக முடிக்க வேண்டும், அதுவும் குருட்டு யோகத்தில் அல்லாமல் நினைத்தபோதெல்லாம் முடிக்க வேண்டும் என்பதே என் கனவாக இருந்தது. அதே கனவோடு அதே இடத்தில் நிற்பவர்களுக்காக, எனக்குப் பலனளித்த வரிசையில் இதை எழுதுகிறேன். ஆட்ட விதிகளும், க்யூ என்ற ஆட்டக் கோலைத் தாங்கக் கையை மேசையில் ஊன்றி பிரிட்ஜ் வைக்கும் முறையும், ஒவ்வோர் அடிக்கு முன்பும் க்யூவின் நுனியான டிப்பில் சாக் பூச வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: கனவை எண்ணாக மாற்றுங்கள்

"நன்றாக ஆட வேண்டும்" என்பதை அளக்க முடியாது. மூன்று பந்துகளை மேசையில் மனம்போன போக்கில் உருட்டிவிடுங்கள். வெள்ளைப் பந்தை உங்களுக்கு விருப்பமான இடத்தில் வைத்து, மூன்றையும் எண் வரிசைப்படி போட்டு முடியுங்கள். முடித்தால் உங்களுக்கு ஒரு புள்ளி. ஒன்றைத் தவறவிட்டாலும் அந்தப் புள்ளி பேய்க்கு. கண்ணுக்குத் தெரியாத, ஒருபோதும் தவறவிடாத எதிராளி என்பதால் இதைப் பேயோடு ஆடுவது என்பார்கள். பத்து முறை ஆடி, எண்ணிக்கையைத் தேதியோடு குறித்து வையுங்கள். நான் முதல்முறை எடுத்தது 3. தொடர்ந்து 7க்கு மேல் எடுக்கத் தொடங்கியதும் நான்கு பந்துகளுக்கு மாறுங்கள்.

ஆட்டக்காரரின் திறனை எண்ணாகத் தரும் ஃபார்கோ ரேட்டிங் பயன்படும் இடத்தில் ஆடுபவர்களுக்கு இன்னோர் அளவுகோலும் உண்டு. அதில் இரண்டு பேருக்கு இடையே 100 புள்ளிகள் வித்தியாசம் இருந்தால், வலுவானவர் மற்றவர் வெல்லும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இரண்டு ஆட்டங்களை வெல்வார் என்பது கணக்கு. ஆகவே நீங்கள் 100 புள்ளிகள் ஏறுவது என்றால், இன்று உங்களுக்குச் சரிசமமாக ஆடும் நண்பரை இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் தோற்கடிக்கும் நிலைக்கு வருவது என்று பொருள். இதை உணர்ந்த பிறகுதான், ஒரு மாதத்தில் 100 புள்ளிகள் ஏறிவிடலாம் என்ற பேராசையை நான் கைவிட்டேன்.

இரண்டாம் படி: ஸ்டாப் ஷாட்டிடம் கேளுங்கள்

ஒரு மூலைப் பாக்கெட்டிலிருந்து எதிர் மூலைப் பாக்கெட்டுக்கு மனத்தில் ஒரு நேர்கோடு இழுங்கள். அந்தக் கோட்டில், பாக்கெட்டிலிருந்து சுமார் 2 அடி தூரத்தில் இலக்குப் பந்தையும், அதற்குப் பின்னால் அதே கோட்டில் 2 அடி தள்ளி வெள்ளைப் பந்தையும் வையுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வைப்பது முக்கியம். கோப்புத் தாள்களின் துளையைச் சுற்றி ஒட்டும் சிறு வளைய ஒட்டிகள் இதற்கு மிகவும் ஏற்றவை. பந்து அவற்றின் மேல் ஆடாமல் உட்காரும்.

இலக்குப் பந்து பாக்கெட்டில் விழ வேண்டும். வெள்ளைப் பந்து மோதிய இடத்திலேயே செத்து நிற்க வேண்டும், அதுதான் ஸ்டாப் ஷாட். எடை சமமான இரண்டு பந்துகள் நேருக்கு நேர் மோதும்போது, வெள்ளைப் பந்து முன்னோக்கியோ பின்னோக்கியோ உருளாமல் வெறுமனே வழுக்கிச் சென்றிருந்தால், தன் வேகம் முழுவதையும் மற்றதிடம் கொடுத்துவிட்டு நின்றுவிடும். ஆனால் மேசைத் துணியின் உராய்வு வழியெல்லாம் அதை முன்னோக்கி உருட்டப் பார்க்கிறது. அதனால்தான் தூரம் கூடக் கூட, மையத்துக்குச் சற்றுக் கீழே அல்லது சற்று வேகமாக அடிக்க வேண்டியிருக்கிறது.

மோதலுக்குப் பிறகு வெள்ளைப் பந்து என்ன செய்கிறது என்பதே உங்கள் மருத்துவ அறிக்கை. முன்னே நகர்ந்தால், மேலே அடித்திருக்கிறீர்கள் அல்லது வேகம் போதவில்லை. பின்னே வந்தால் தேவைக்கு மேல் தாழ்வாக அடித்திருக்கிறீர்கள். பக்கவாட்டில் நகர்ந்தால் மோதல் முழுமையாக இல்லை. நின்ற இடத்திலேயே பம்பரம்போலச் சுழன்றால், உங்களுக்குத் தெரியாமலேயே சைடு, அதாவது மையத்துக்குப் பக்கவாட்டில் அடிப்பதால் வரும் சுழற்சி, கொடுத்திருக்கிறீர்கள். பத்துக்கு எட்டு சுத்தமாக நிற்கும்வரை தூரத்தைக் கூட்ட வேண்டாம்.

என் வெள்ளைப் பந்து சுழன்றது. பத்தில் ஒன்பது முறை, மெதுவாக, வலப்பக்கச் சைடோடு சுழன்றது.

மூன்றாம் படி: கோடு போட்ட பந்தால் உண்மையைப் பாருங்கள்

என்னைப் பல மாதங்கள் திணறடித்த படி இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெள்ளைப் பந்துக்குப் பதிலாக 9 முதல் 15 வரையுள்ள பட்டைப் பந்துகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பட்டை செங்குத்தாக, வண்டிச் சக்கரம் நிற்பதுபோல, அடிக்கும் திசையை நோக்கி இருக்கட்டும். எண் எழுதிய சிறு வட்டம் உங்கள் பக்கம் திரும்பியிருக்கட்டும். பந்தைத் துடைத்துவிட்டு, டிப்பில் புதிதாகச் சாக் பூசி, வட்டத்தின் மையத்தைக் குறிவைத்து அடியுங்கள். பட்டை தள்ளாடாமல் சக்கரம்போல உருண்டால் அடி நேர். தள்ளாடினால், பந்தைக் கையில் எடுத்து, சாக் பதிந்த புள்ளியைத் தேடுங்கள்.

என் பந்தில் அந்த நீலப் புள்ளி, எண் வட்டத்தின் மையத்துக்கு வலப்புறம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. இருபது முறை அடித்தேன், இருபதிலும் வலப்புறமே. 57 மில்லிமீட்டர் விட்டமுள்ள பந்தில் 3 மில்லிமீட்டர் என்ன பெரிய பிழை என்று அலட்சியப்படுத்திவிடாதீர்கள். வலப்புறம் அடிபட்ட பந்து, க்யூ நீட்டிய திசையிலிருந்து சற்று இடப்புறம் விலகிப் புறப்படும். என் மூளை அதை எனக்குச் சொல்லாமலேயே சரிக்கட்டப் பழகி, க்யூவைச் சற்று வலப்புறம் நீட்ட வைத்திருக்கிறது. ஒரு தவறு இன்னொரு தவறை ஈடுகட்டியதால் பந்துகள் விழுந்துகொண்டிருந்தன. மெதுவாக அடிக்கும்போது மட்டும் அந்தச் சைடு பந்தை வழியிலேயே மீண்டும் வலப்புறம் வளைத்துவிடும். அப்போது கணக்குப் பொய்த்துவிடும். பதற்றத்தில் மென்மையாக அடித்த நேர்ப் பந்துகளே ஏன் தவறின என்பதற்கான விடை அந்த நீலப் புள்ளியில் இருந்தது.

இதைச் சரிசெய்ய, தலையிலிருந்து தொடங்குங்கள். கைபேசியை இலக்குக் கோட்டின் மறுமுனையில், உங்களைப் பார்த்தபடி, பந்தின் உயரத்தில் வையுங்கள். பந்தை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் வளைய ஒட்டி மட்டும் இருக்க, க்யூவை நீட்டிக் குனியுங்கள். கேமராவில் பார்க்கும் நண்பர் ஒருவர் க்யூ கோட்டின் மேல் சரியாக இருக்கிறதா என்று சொல்லட்டும். எனக்கு நடந்தது வேடிக்கை: க்யூ நேராக இருக்கிறது என்று நண்பர் உறுதியாகச் சொன்ன நொடியில், என் கண்ணுக்கு அது இடப்புறம் கோணிக்கொண்டு தெரிந்தது. க்யூவை அசைக்காமல் தலையை மட்டும் மெல்ல இப்படியும் அப்படியும் நகர்த்தி, அது நேராகத் தெரியும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். என் விஷயத்தில் க்யூ தாடையின் நடுவில் இல்லாமல், வலப்பக்கம் இரண்டு விரல் அகலம் தள்ளி உரசும்போதுதான் உண்மையும் தோற்றமும் ஒன்றாயின. உங்களுக்கு அந்த இடம் வேறாக இருக்கும். யாரைப் பார்த்தும் நகலெடுக்க முடியாது.

இனி வருவதை முன்பே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடி நேரானதும் உங்கள் ஆட்டம் மோசமாகும். ஈடுகட்டும் பழக்கம் போகாமல், ஈடுகட்ட வேண்டிய பிழை மட்டும் போய்விடுவதால், நேர்ப் பந்துகள்கூடப் பாக்கெட்டின் ஒரே பக்க விளிம்பில் மோதித் திரும்பும். எனக்கு எல்லாமே இடது விளிம்பில் மோதின. பேய்க்கு எதிரான என் கணக்கு 3லிருந்து 1க்கு இறங்கியது. பத்து நாள்களில் மனம் வெறுத்து, பழைய நிலைக்கே திரும்பிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை, ஐந்து வாரங்களுக்கு ஆட்டமே வேண்டாம், பயிற்சி மட்டும் போதும் என்று இருந்தேன். விளிம்பில் மோதுவது நின்றது.

நான்காம் படி: வெள்ளைப் பந்தின் வழி

அடி நேரானவருக்கு இது எளிது. கோணத்தில் மோதும் வெள்ளைப் பந்து வழுக்கும் நிலையில் இருந்தால், இலக்குப் பந்து போகும் திசைக்கு ஏறத்தாழ 90 பாகையில் விலகும். இயல்பாக உருண்டு வந்து, இலக்குப் பந்தின் கால் பங்கிலிருந்து முக்கால் பங்குவரை மூடும்படி மோதினால், தன் பழைய திசையிலிருந்து ஏறத்தாழ 30 பாகை திரும்பும். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் இயல்பாக விரித்தால் கிடைக்கும் கோணம் அதற்கு அருகில் இருக்கும். இந்த இரண்டு கோடுகளும் பழகும்வரை சைடைத் தொடாதீர்கள்.

கருவிகளைப் பற்றி

விலையுயர்ந்த க்யூவை முதலில் வாங்காதீர்கள். 19 அவுன்ஸ் எடையுள்ள, உருட்டிப் பார்த்தால் நெளியாத எந்த க்யூவும் போதும். பணத்தை டிப்பில் போடுங்கள். நடுத்தர கடினமுள்ள, அடுக்குத் தோல் டிப் என் தேர்வு. சைடு கொடுத்தாலும் பந்தை அதிகம் விலகவிடாத கார்பன் ஃபைபர் ஷாஃப்ட் (க்யூவின் முன்பகுதி) நல்ல பொருள்தான், ஆனால் அது பிழையைச் சிறிதாக்கி மறைக்குமே தவிர, கையை நேராக்காது. க்யூ வழுக்கிச் செல்லக் கையில் பூசும் பவுடர் மேசைத் துணியைப் பாழாக்கும், கையுறை அணியுங்கள்.

பின்சேர்க்கை

செய்து பார்த்தவர்கள் இரண்டு சிக்கல்களைச் சொன்னார்கள். ஒன்று, கண்ணாடி அணிபவர்கள் குனியும்போது சட்டத்தின் மேல்விளிம்பு பார்வைக் கோட்டில் குறுக்கிடுகிறது. அவர்கள் தலையைப் பின்னுக்கு வளைக்கிறார்கள், கழுத்து நொந்து நிலை மாறிவிடுகிறது. லென்ஸ் உயரமாக அமைந்த கண்ணாடியோ கான்டாக்ட் லென்ஸோ இல்லாமல் மூன்றாம் படியைத் தொடங்க வேண்டாம்.

மற்றொன்று, பட்டைப் பந்தில் அழகாக நின்ற ஸ்டாப் ஷாட், நாணயம் போட்டு ஆடும் மேசையின் வெள்ளைப் பந்தில் நிற்கவில்லை, முன்னே ஓடுகிறது என்பது. அத்தகைய மேசைகள் சிலவற்றில், வெள்ளைப் பந்தைப் பிரித்தறிந்து திருப்பி அனுப்புவதற்காக அதை மற்றவற்றைவிடப் பெரியதாகவோ கனமாகவோ வைத்திருப்பார்கள். கனமான பந்து மோதலில் தன் வேகம் முழுவதையும் இழப்பதில்லை. ஆட்டத்துக்கு முன் வெள்ளைப் பந்தையும் இன்னொரு பந்தையும் அருகருகே வைத்து உயரத்தை ஒப்பிடுங்கள், கையில் எடுத்து எடையையும் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால், ஸ்டாப் ஷாட்டுக்கு வழக்கத்தைவிட டிப்பின் பாதி அகலம் தாழ்வாக அடித்துத் தொடங்கி, இரண்டு மூன்று முறை முயன்று சரியான இடத்தைக் கண்டுகொள்ளுங்கள்.