தொட்டாற்சிணுங்கியின் நினைவும் நம் நினைவும்: வீட்டில் செய்து பார்க்கும் சோதனைகள்

மூளையே இல்லாத ஒன்றுக்கு நினைவு இருக்க முடியுமா? இதற்கு விடை தேடத் தொடங்க ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு தொட்டாற்சிணுங்கிச் செடி, தடிமனான ஸ்பாஞ்சு, ஒரு ஸ்கேல், ஒரு கைபேசி போதும். மரங்களுக்கு நடுவே நடந்துவிட்டு வந்தால் உங்கள் நினைவு என்ன ஆகிறது என்பதையும் அதே நோட்டில் அடுத்த பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம். செடிகளின் திறமையைப் பற்றி இணையத்தில் சுற்றுவதில் மிகை நிறைய இருக்கிறது. உண்மையான வியப்பும் நிறைய இருக்கிறது. படித்ததை அப்படியே நம்புவதைவிட, கையால் செய்து பார்த்துப் பிரித்துக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம்.

படி 1: செடியைத் தயார் செய்யுங்கள்

தொட்டாற்சிணுங்கி விதையின் ஓடு கடினமானது. அப்படியே விதைத்தால் முளைக்க நாளாகும். வெந்நீரை ஊற்றி ஓர் இரவு ஊறவிடுங்கள். கொதிக்கும் நீர் வேண்டாம். அப்புறம் மெல்லிய மண்ணால் மூடி, ஈரம் காயாமல், வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். முளைத்ததும் நல்ல வெளிச்சம் தேவை. தண்டில் சிறு முட்கள் இருக்கும், குழந்தைகளோடு செய்கிறீர்கள் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

இரண்டு அல்லது மூன்று செடிகளாவது வேண்டும். ஒன்றைச் சோதிக்கும்போது இன்னொன்று எதுவும் செய்யாமல் ஒப்பிடுவதற்காக இருக்கட்டும். சிறிய பிளாஸ்டிக் தொட்டியே வசதி. கீழே போடும்போது மண் சிதறாமல் இருக்க, தண்டைச் சுற்றி மண்ணின் மேல் ஒரு துணியை விரித்து டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

படி 2: இலை எப்படி மூடுகிறது என்று முதலில் பாருங்கள்

அவசரப்பட்டுச் சோதனையில் இறங்காதீர்கள். ஓர் இலையின் நுனியை விரலால் மெதுவாகத் தொட்டுவிட்டுக் கண்ணை எடுக்காமல் பாருங்கள். நுனியில் இருக்கும் சிற்றிலை ஜோடி முதலில் ஒன்றோடொன்று சேரும். பிறகு அடுத்த ஜோடி, அதற்கடுத்தது என்று அடியை நோக்கி மூடிக்கொண்டே போகும். தொடுதல் வலுவாக இருந்தால் கடைசியில் காம்பே தொய்ந்து கீழே இறங்கும்.

ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும், காம்பின் அடியிலும் சின்னதாக ஒரு வீக்கம் இருக்கும். லென்ஸ் இருந்தால் நன்றாகத் தெரியும். தொட்டவுடன் ஒரு மின் சைகை இந்த வீக்கத்தை எட்டுகிறது. அங்கே ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து பொட்டாசியம், குளோரைடு அயனிகள் வெளியேற, பின்னாலேயே தண்ணீரும் வெளியேறுகிறது. விறைப்பு போன பக்கம் மடங்குகிறது. இந்த மின் சைகைகளை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கருவி அமைத்துப் பதிவு செய்தவர் ஜகதீஷ் சந்திர போஸ். நரம்பு இல்லாத உயிரில் மின் சைகையா என்று அன்று பலர் நம்பத் தயங்கினார்கள்.

மூடிய இலை திரும்ப விரியப் பல நிமிடங்கள் ஆகும். அந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

படி 3: கீழே போடுங்கள், திரும்பப் போடுங்கள்

மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் மோனிகா கல்லியானோ குழுவினர் செய்து 2014இல் வெளியிட்ட சோதனையின் எளிய வடிவம் இது. அவர்கள் தொட்டியைச் சுமார் 15 செ.மீ. உயரத்திலிருந்து மெத்தென்ற பரப்பின்மேல் விழவிட்டார்கள். செடிக்கு அடிபடாது, ஆனால் அதிர்ச்சி இருக்கும். ஒரு தொகுதிக்கு 60 முறை.

நீங்கள் செய்ய வேண்டியது: ஸ்பாஞ்சின் பக்கத்தில் ஸ்கேலை நிமிர்த்தி நிறுத்துங்கள். தொட்டியின் அடிப்பாகம் 15 செ.மீ. கோட்டுக்கு வரும்வரை தூக்கி, நேராக விடுங்கள். சில நொடி இடைவெளி விட்டு மறுபடியும். முழுவதையும் கைபேசியில் வீடியோ எடுங்கள். கையால் விடும்போது ஒருமுறை சாய்ந்தும் ஒருமுறை நேராகவும் விழுந்தால் கணக்கே கெட்டுவிடும். அதனால் அட்டையை மடித்து, தொட்டி வழுக்கி இறங்கும்படி ஒரு சதுரக் குழாய் செய்துகொள்வது நல்லது. இந்தச் சின்ன ஏற்பாட்டுக்காகச் செலவழிக்கும் அரைமணி நேரம் வீணாகாது.

பகலிலேயே செய்யுங்கள். மாலையானால் தொட்டாற்சிணுங்கி தானாகவே இலையை மூடிக்கொள்ளும்.

முதல் முறை விழும்போது இலைகள் சட்டென்று மூடும். தொடர்ந்து போடப்போட, மூடுவது குறைந்துகொண்டே வர வேண்டும். கல்லியானோவின் செடிகள் இறுதியில் விழுவதைப் பொருட்படுத்தாமல் இலையை விரித்தபடியே இருந்தன. வெளிச்சம் குறைவான இடத்தில் வளர்ந்தவை இதை இன்னும் விரைவாகக் கற்றுக்கொண்டன. காரணம் ஊகிக்கக்கூடியதுதான்: இலை மூடியிருக்கும்போது செடியால் போதிய உணவு தயாரிக்க முடியாது. வெளிச்சமே குறைவு என்னும்போது வெறும் மிரட்டலுக்கெல்லாம் மூடிக்கொண்டிருக்க அதற்குக் கட்டுப்படியாகாது.

படி 4: சோர்வா, பழக்கமா?

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். செடி மூடாமல் இருப்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். "இதனால் ஆபத்து இல்லை" என்று பழகியிருக்கலாம், அல்லது மூடி மூடிச் சக்தி தீர்ந்து சோர்ந்திருக்கலாம். கல்லியானோ குழுவினர் கடைசியில் செடியை வேறு விதமாகக் குலுக்கிப் பார்த்தார்கள். உடனே மூடியது. ஆக, மூடும் சக்தி தீர்ந்துவிடவில்லை என்றார்கள். நீங்கள் விரலால் தொட்டுப் பாருங்கள்.

ஆனால் இது முடிந்த வழக்கு இல்லை. ராபர்ட் பீக்லர் என்ற ஆய்வாளர் 2018இல் இந்த ஆதாரம் போதாது என்று எழுதினார். யோசித்தால் நியாயம் புரியும்: விழுவதைவிடக் குலுக்குவது வலுவான தூண்டலாக இருந்தால், பாதி சோர்ந்த செடிகூட அதற்கு மூடும். எனவே உங்கள் செடி விரலுக்கு மூடினாலும் "செடிக்கு நினைவு இருக்கிறது" என்று எழுதாதீர்கள். "விழுவதற்கு மூடவில்லை, தொட்டதற்கு மூடியது" என்று கண்டதை மட்டும் எழுதுங்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அடுத்த பகுதி. அந்தச் செடிகளைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவைத்து 28 நாள் கழித்துத் திரும்பச் சோதித்தபோதும் பழகியது மறக்காமல் நடந்துகொண்டன என்பது அவர்களின் பதிவு. சோர்வு என்றால் அதற்குள் தெளிந்திருக்க வேண்டுமே! நீங்களும் தேதியைக் குறித்து வைத்துவிட்டுக் காத்திருங்கள்.

மூளை இல்லாமல் இது எப்படி நடக்க முடியும் என்பதற்கு, பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் வீனஸ் ஃபிளைட்ராப் செடி ஒரு தெளிவான வழி காட்டுகிறது. அதன் பொறிக்குள் இருக்கும் மெல்லிய முடியைப் பூச்சி ஒருமுறை தொட்டால் பொறி மூடாது. ஏறத்தாழ 20 நொடிக்குள் இரண்டாவது முறை தொட்டால்தான் மூடும். முதல் தொடுதலின் நினைவு, செல்லுக்குள் ஏறும் கால்சியம் அளவில் தங்குகிறது. நேரம் ஆக ஆக அது வடிந்துவிடும். ரைனர் ஹெட்ரிச் குழுவினர் 2016இல் காட்டியபடி, செரிமான நொதிகளைச் சுரப்பதா வேண்டாமா என்பதையும் அடுத்தடுத்த தொடுதல்களை எண்ணித்தான் அது முடிவு செய்கிறது.

படி 5: இப்போது உங்கள் முறை

பிறர் நினைவையும் செடிகள் தொட்டுப் பார்க்கின்றன. காபிச் செடியும் எலுமிச்சை இனத்துச் செடிகளும் தங்கள் பூந்தேனில் மிகச் சிறிதளவு காஃபீன் சேர்க்கின்றன. அந்தத் தேனைக் குடித்த தேனீ, அந்தப் பூவின் மணத்தை மறுநாளும் நினைவில் வைத்திருக்கும் வாய்ப்பு சுமார் 3 மடங்கு கூடுகிறது என்று ஜெரால்டின் ரைட் குழுவினர் 2013இல் கண்டறிந்தார்கள். தன்னைத் தேடி மறுபடியும் வரவைக்க, பூ தேனீயின் நினைவிலேயே கை வைக்கிறது.

மனிதர்களுக்கு வருவோம். முதலில் உண்பது, குடிப்பது எதுவும் வேண்டாம், நடந்து பார்ப்போம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மார்க் பெர்மன், ஜான் ஜோனைட்ஸ், ஸ்டீஃபன் கேப்ளன் மூவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஆட்கள் ஒரு வாரம் மரத்தோட்டத்திலும் இன்னொரு வாரம் நகரச் சாலையிலும் சுமார் 50 நிமிடம் நடந்தார்கள். நடப்பதற்கு முன்னும் பின்னும் எண்களைத் தலைகீழாகச் சொல்லும் சோதனை. மரங்களுக்கு நடுவே நடந்த பிறகு மதிப்பெண் தெளிவாக உயர்ந்தது. சாலையில் நடந்த பிறகு அப்படி உயரவில்லை. மனநிலை நன்றாக ஆனதால்தான் என்றும் இதை விளக்க முடியவில்லை.

சோதனையை இப்படிச் செய்யுங்கள். நண்பர் ஒருவர் நொடிக்கு ஒன்றாக 3 எண்களை வாசிக்கட்டும். "4, 9, 2" என்றால் நீங்கள் "2, 9, 4" என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு நீளத்துக்கும் இரண்டு வாய்ப்பு. ஒன்றாவது சரியென்றால் ஓர் எண் கூட்டிக்கொண்டே போங்கள். இரண்டும் தவறினால் நிறுத்திவிட்டு, சரியாகச் சொன்ன மொத்தத் தொடர்களை மதிப்பெண்ணாக எழுதுங்கள். எண்களை முன்பே தாளில் எழுதி வையுங்கள். வாசிப்பவர் அந்த நேரத்தில் யோசித்துச் சொன்னால் தெரிந்தோ தெரியாமலோ ஒரு ஒழுங்கு வந்துவிடும்.

சோதனைக்குப் பிறகு மரங்கள் உள்ள இடத்தில் நடங்கள். கைபேசி பையிலேயே இருக்கட்டும். பேச்சுத்துணையும் வேண்டாம். திரும்பியதும் வேறு எண் தொடர்களுடன் அதே சோதனை. அடுத்த வாரம், அதே கிழமை, அதே நேரம், போக்குவரத்து நிறைந்த தெருவில் நடந்து இதையே செய்யுங்கள். இந்த இரண்டாம் நடை இல்லாமல் முதல் நடையால் ஒன்றும் தெரியவராது. எண்களைத் தலைகீழாகச் சொல்வது பயிற்சியிலேயே முன்னேறும் விஷயம். நடையே போகாவிட்டாலும் இரண்டாவது தடவை கொஞ்சம் கூடுதலாக வரலாம். வீட்டில் இருவர் செய்தால், ஒருவர் மரத்திலிருந்தும் மற்றவர் தெருவிலிருந்தும் தொடங்குவது இன்னும் நல்லது.

ஏன் இது வேலை செய்கிறது என்பதற்கு ரேச்சல் கேப்ளன், ஸ்டீஃபன் கேப்ளன் இருவரும் தந்த விளக்கம் எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது. தெருவில் ஹார்ன், சிக்னல், எதிரே வருபவர் என்று எதைக் கவனிப்பது, எதை விடுவது என மனம் ஓயாமல் முயன்றபடி இருக்கிறது. அசையும் இலையும் அதன் நிழலும் கவனத்தை ஈர்க்கின்றன, ஆனால் முயற்சி கேட்பதில்லை. அந்த இடைவெளியில் களைத்த கவனம் மீள்கிறது. எண்களைத் தலையில் பிடித்துவைத்துத் திருப்பிப்போட அந்தக் கவனம்தான் தேவை.

படி 6: மணம் (விருப்பமிருந்தால்)

நார்தம்ப்ரியா பல்கலைக்கழகத்தில் மார்க் மாஸ் குழுவினர் 2003இல் 144 பேரிடம் செய்த ஆய்வில், ரோஸ்மேரி மணம் இருந்த அறையில் இருந்தவர்களின் நினைவின் தரம் கூடியது, வேகம் குறைந்தது. லாவெண்டர் அறையில் செயல்பாட்டு நினைவே, அதாவது ஒன்றைச் சற்று நேரம் மனதில் பிடித்துவைத்துக் கையாளும் திறனே, சற்றுக் குறைந்தது. வீட்டில் செய்வதென்றால் பஞ்சில் ஒரு சொட்டு ரோஸ்மேரி எண்ணெய், திறந்த ஜன்னல், அதே எண் சோதனை. எண்ணெயைக் குடிக்கவோ தோலில் நேராகத் தடவவோ கூடாது. ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்தப் படியை விட்டுவிடுங்கள்.

படி 7: வாயில் போடுவதற்கு முன்

நம் நினைவுக்கு அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் முக்கியம். ஸ்னோடிராப் செடியிலிருந்து கிடைத்த கேலன்டமின், அது சிதைவதைத் தடுப்பதால் அல்சைமர் நோய்க்கு மருந்தாகப் பயன்படுகிறது. ஊமத்தையில் உள்ள ஸ்கோபாலமின் அதே அசிட்டைல்கோலினின் வேலையை அடைக்கிறது. மனக்குழப்பம், நினைவிழப்பு, அளவு கூடினால் உயிருக்கே ஆபத்து. இரண்டும் இயற்கை தந்தவைதான். "இயற்கையானது, அதனால் தீங்கில்லை" என்று யாராவது சொன்னால் ஊமத்தையை நினைத்துக்கொள்ளுங்கள்.

நினைவு மாத்திரை என்று அதிகம் விற்கப்படும், ஜிங்கோ என்ற மரத்தின் இலைச் சாற்றைப் பெரிய அளவில் சோதித்து 2008இல் வெளியிட்டார்கள். 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேர், தினம் இருமுறை 120 மில்லிகிராம் ஜிங்கோ அல்லது ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத போலி மாத்திரை. மறதிநோய் வருவதை ஜிங்கோ குறைக்கவில்லை. நீர்ப்பிரம்மிக்குச் சிறிய ஆய்வுகளில் ஓரளவு சாதகமான முடிவுகள் உண்டு, அதுவும் சுமார் 12 வாரம் தொடர்ந்து எடுத்த பிறகு.

ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் ஜிங்கோவை மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருந்தால், நீங்கள் எடுக்கும் மூலிகை மாத்திரைகளின் பெயரையும் மருந்துப் பட்டியலில் எழுதிக் கொடுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.