இஸ்ரேல்–பாலஸ்தீனம் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டுச் செய்திக் கட்டுரைகளைத் திருத்துவது என் வேலை. புதிதாக எழுத வருபவர்களின் கட்டுரைகளில் என் பழைய பிழைகளையே மறுபடியும் பார்க்கிறேன். காசாவையும் மேற்குக் கரையையும் குழப்பிக்கொள்வது போன்றவற்றை வரைபடத்தைப் பார்த்தே திருத்திக்கொள்ளலாம் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் இருந்தவர் யார் என்று தொடங்குவது

எகிப்திய மன்னன் மெர்னெப்தாவின் கல்வெட்டு கி.மு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ‘இஸ்ரேல்’ என்ற மக்களைக் குறிப்பிடுகிறது. பாலஸ்தீனக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழுத நிலமும், 1948 போரை ஒட்டிச் சுமார் 7 லட்சம் பேர் இழந்த வீடுகளும் அதே அளவுக்கு உண்மை. பூர்விகம் மண்ணோடுள்ள உறவுக்குச் சான்றாகுமே தவிர, மற்றவரின் பட்டாவை ரத்து செய்யாது. நாடு என்ற அங்கீகாரம் வேறு வழியில் வந்தது. 1947 நவம்பர் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை 33க்கு 13 என்ற வாக்குகளில், பாலஸ்தீனத்தை யூத நாடு, அரபு நாடு என இரண்டாகப் பிரிக்கும் திட்டத்தை ஏற்றது. இந்தியா எதிர்த்து வாக்களித்தது. 1949இல் இஸ்ரேல் ஐ.நா. உறுப்பு நாடானது, 2012இல் பாலஸ்தீனம் பார்வையாளர் நாடு என்ற நிலையைப் பெற்றது.

கசார் வம்சாவளிக் கதை

ஐரோப்பிய யூதர்கள், இடைக்காலத்தில் யூத மதத்துக்கு மாறியதாகச் சொல்லப்படும் கசார் என்ற துருக்கிய இனத்தின் வழிவந்தவர்களே என்ற கதை வேண்டாம். மரபணு ஆய்வுகள் அதற்குத் துணை நிற்கவில்லை.

அரசு செய்ததை ‘யூதர்கள்’ செய்ததாக எழுதுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் பிழை இதுதான். மேற்குக் கரையில் இஸ்ரேல் எழுப்பிய சுவர் சட்டத்துக்கு முரணானது என்று 2004 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் கருத்துரைத்தபோது, சுவர் செல்லும் பாதையையும் அது பிரித்த வயல்களையும் பத்து நாள் சரிபார்த்து ஒரு கட்டுரை எழுதிய நான், ஒரே ஒரு வாக்கியத்தில் மட்டும் ‘யூதர்கள் சுவர் எழுப்புகிறார்கள்’ என்று எழுதிவிட்டேன். முதலில் வந்தது பாராட்டுக் கடிதம்: “அந்த இனத்தின் குணமே அதுதான், துணிந்து சொன்னீர்கள்.” கட்டுரையை ஏற்காதவர்களோ சுவரைப் பற்றிப் பேசவே இல்லை, அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பத்து நாள் உழைப்பு பாழ்; அந்தப் பாராட்டுதான் அதைவிடக் கசந்தது.

அந்தச் சொல் தகவலாகவும் தவறு. உலக யூதர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இஸ்ரேலுக்கு வெளியே வாழ்கிறார்கள். இஸ்ரேல் குடிமக்களில் ஐந்தில் ஒருவர் அரபு மக்கள். ஆக்கிரமிப்புப் பகுதிகளில் நடக்கும் உரிமை மீறல்களை 1989 முதல் பதிவு செய்துவரும் பெட்செலெம் இஸ்ரேலிய அமைப்பே. முடிவெடுத்தது அமைச்சரவை என்றால் அமைச்சரவை என்றும், ராணுவம் என்றால் ராணுவம் என்றும், குடியேறிகள் என்றால் குடியேறிகள் என்றும் எழுதுங்கள். எவர் செயல் என்று தெரியவில்லை என்றால், அதைத் தேடிக் கண்டுபிடித்த பிறகு எழுதுங்கள்.

‘உலக வங்கிகளை ஆள்பவர்கள்’

யூதர்களைப் பற்றிய இந்தக் கட்டுக்கதையைப் பரப்பிய, உலகை ஆள யூதர்கள் தீட்டிய சதித்திட்டம் என்று காட்டப்பட்ட ‘சீயோன் மூதறிஞர்களின் நெறிமுறைகள்’ என்ற ஆவணம் போலி என்பது 1921இலேயே அம்பலமானது.

இஸ்ரேல் மீதான விமர்சனம் அனைத்தையும் யூத வெறுப்பு என்பது

இதுவும் பிழையே. 2016இல் சர்வதேச ஹோலோகாஸ்ட் நினைவுக் கூட்டணி ஏற்ற யூத வெறுப்பு பற்றிய வரையறையே, வேறெந்த நாட்டின் மீதும் வைக்கப்படுவதைப் போன்ற விமர்சனத்தை யூத வெறுப்பாகக் கருத முடியாது என்கிறது. அந்த வரையறையின் மூல வாசகத்தை உருவாக்கியவர்களில் முதன்மையான கென்னத் ஸ்டெர்ன், பல்கலைக்கழகங்களில் பேச்சைக் கட்டுப்படுத்த அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2017இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியமளித்தார்.