மழையில் மட்டும் நின்றுபோகும் கார் ஏசி: கோளாறைப் பிடிக்கும் வழி

வெயிலில் நன்றாகக் குளிரும் ஏசி, மழை பிடித்ததும் வெறும் காற்றை ஊதுகிறதா? வண்டி காய்ந்ததும் தானே சரியாகிறதா? அப்படியானால் கேஸ் நிரப்ப ஓடாதீர்கள். கசிந்துபோன கேஸ் வெயில் அடித்ததும் திரும்பி வராது. ஈரத்தோடு வந்து ஈரத்தோடு போகும் கோளாறு பெரும்பாலும் மின் இணைப்பில் இருக்கும், இல்லாவிட்டால் பெல்ட்டில்.

1. மழையை நீங்களே உண்டாக்குங்கள். பூச்செடிக்குத் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டில் போதும். பிரஷர் பம்ப் கூடவே கூடாது. திறந்தவெளியில் இன்ஜினையும் ஏசியையும் ஓடவிட்டு, ஓர் இடத்தில் தெளித்துவிட்டுச் சற்றுப் பொறுங்கள். கீழே இருக்கும் கனெக்டரில் தொடங்கி மேலே வாருங்கள். மேலே தெளித்தால் வழிந்து எல்லாமே நனைந்துவிடும், எது காரணம் என்று தெரியாது. ஃபேன் எந்த நொடியும் சுழலும், கை ஜாக்கிரதை. ஹைபிரிட், மின்சார வண்டிகளில் ஆரஞ்சு நிற கேபிள்கள் இருக்கும். அங்கே இந்தச் சோதனையே வேண்டாம்.

2. ஏசி கேஸை அழுத்தி ஓட்டும் கம்ப்ரசரின் முன்தட்டைப் பாருங்கள். பெல்ட் சுற்றும் புல்லியோடு இந்தத் தட்டை மின்காந்தத்தால் இணைப்பதுதான் கிளட்ச். புல்லி சுற்றி, தட்டு நின்றால் பெரும்பாலும் கிளட்ச்சுக்கு மின்சாரம் போகவில்லை. தட்டு சுற்றும்போதே கீச்சென்று சத்தம் வந்தால் பெல்ட் வழுக்குகிறது. (கிளட்ச் இல்லாத கம்ப்ரசர்களும் உண்டு, அவற்றில் இது பொருந்தாது.)

3. ரிலே, அதாவது கிளட்ச்சுக்கு மின்சாரத்தை விடும் சுவிட்ச். அதே எண்ணுள்ள ஹாரன் ரிலேயை மாற்றிச் செருகிப் பாருங்கள். ஃபியூஸ் பெட்டி மூடிக்குள் ஈரம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

4. கிளட்ச் கனெக்டர். பலரும் ஏமாறும் இடம் இதுதான். கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டும். 'மின்சாரம் வருகிறது, கிளட்ச்தான் போச்சு' என்று கம்ப்ரசரையே மாற்றிவிடுவார்கள். மல்டிமீட்டர் இழுக்கும் மின்சாரம் மிகமிகக் குறைவு. அரித்துப் பச்சை பிடித்த கனெக்டர் பின் (pin) வழியாகவும் அது முழு வோல்ட்டைக் காட்டிவிடும். கிளட்ச்சின் கம்பிச்சுருளோ (காயில்) 3, 4 ஆம்பியர் இழுக்கும். அந்தச் சுமை ஏறும்போதுதான் வோல்ட் சரியும். ஆகவே கனெக்டரை மாட்டியபடியே, ஏசி ஓடும்போது பின்பக்கமாக அளவெடுங்கள். பேட்டரியில் 14 இருந்து இங்கே 11 வந்தால் வழியில் எங்கோ அரிப்பு. எர்த் வயரையும் இதேபோல் பாருங்கள்.

இந்த வேலைக்கு மல்டிமீட்டரைவிடப் பழைய இழை பல்பு வைத்த டெஸ்ட் லாம்ப்பையே நான் எடுப்பேன். அது சுமை கொடுத்துச் சோதிக்கும். ஆனால் மூன்று வயர் வரும் பிரஷர் சென்சார் பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள். அது 5 வோல்ட் லைன், வண்டியின் கம்ப்யூட்டர் கெட்டுவிடலாம். அந்தச் சென்சாரின் கனெக்டரில் தண்ணீர் புகுந்தாலும் கம்ப்ரசர் நிற்கும் என்பதால், கழற்றிக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

5. சுத்தம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, கான்டாக்ட் கிளீனரும் சின்ன பிரஷும் கொண்டு தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, ரப்பர் சீலில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவுங்கள். மேலே இன்சுலேஷன் டேப் சுற்றுவது எனக்குப் பிடிக்காது. உள்ளே போன நீரை அது வெளியேற விடாது. வயருக்குள் செம்பு கறுத்திருந்தால், பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டிப் புதிய கனெக்டர் போடுங்கள்.

பின்சேர்க்கை: 'முதலில் குளிர்கிறது, போகப்போகக் காற்றே குறைகிறது' என்று சிலர் எழுதியிருந்தார்கள். அது வேறு கோளாறு. ஈரக்காற்றில், டாஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் எவாபரேட்டர்மேல் பனி உறைந்து காற்றை அடைக்கிறது. ஏசியை அணைத்து புளோயரை மட்டும் ஓடவிட்டால் சற்று நேரத்தில் காற்று திரும்பும். அப்போது கேபின் ஃபில்டரை முதலில் பாருங்கள். அது சுத்தமாக இருந்தால் எவாபரேட்டர் வெப்பநிலை சென்சார். கேஸ் குறைந்தாலும் இப்படி உறையும்.