கம்பிவழி இணையம் எட்டாத இடத்தில் கலப்பு யதார்த்தத் தொலைநிலை உதவி: தொடக்கநிலையினருக்கு

இயந்திரம் நின்றுவிட்டது. அருகில் இருப்பவருக்கு அந்தப் பழுது புதிது. அதை அறிந்தவரோ பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார். அருகில் இருப்பவர் கலப்பு யதார்த்த ஹெட்செட்டை (நிஜக் காட்சியின் மேலேயே கணினிப் படங்களைக் காட்டும் தலைக்கருவி) அணிந்துகொண்டால், அவர் காண்பதை நிபுணரும் தன் திரையில் காணலாம். நிபுணர் வரையும் அம்புக்குறி, பழுதான வால்வின் மேலேயே வந்து நிற்கும். மொபைல், செயற்கைக்கோள் இணையத்தைக் கொண்டு இதை எப்படி நடத்துவது என்று பார்ப்போம்.

படி 1: பதிவேற்ற வேகத்தை அளந்து பாருங்கள்

வீடியோ உங்களிடமிருந்து வெளியே போகிறது. ஆகவே பதிவிறக்க வேகம் மட்டும் அதிகமாக இருந்து பயனில்லை. பதிவேற்றம் தடுமாறாமல் சுமார் 1.5 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 1.5 மெகாபிட்) கிடைக்கவேண்டும். வாசலில் நின்று அளக்காதீர்கள். இயந்திரத்தின் அருகில், வேலை நடக்கும் நேரத்தில் அளந்து பாருங்கள். இந்த வேகத்தில் ஒரு மணி நேர வீடியோவை அனுப்ப ஏறக்குறைய 675 எம்பி டேட்டா செலவாகும்.

படி 2: இணைப்பைத் தேர்ந்தெடுங்கள்

மொபைல் சிக்னல் நன்றாக இருந்தால் அதுவே முதல் தேர்வு. செயற்கைக்கோள் என்றால் எந்த வகை என்று கேளுங்கள். வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. உங்கள் கேள்வி மேலே போய்க் கீழே இறங்கி, பதிலும் அவ்வாறே வரவேண்டும். ஒளியின் வேகத்திலேயே இதற்குக் கிட்டத்தட்ட அரை வினாடி ஆகும். ஸ்டார்லிங்க் போன்ற இணையச் சேவைகளின் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுவதால் தாமதம் மிகக் குறைவு. ஆனால் அவை நகர்ந்துகொண்டே இருப்பவை. ஆண்டெனாவுக்கு விரிந்த வானம் தெரியவேண்டும். ஒரு மரக்கிளை மறைத்தாலும் பேச்சு இடையிடையே அறுபடும். கனமழை இரண்டு வகையையுமே பலவீனப்படுத்தும்.

படி 3: ரவுட்டரில் இரண்டு இணைப்புகளையும் சேர்த்துவிடுங்கள்

மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸ் 2 போன்ற ஹெட்செட்டில் சிம் போட இடமில்லை, வைஃபை தேவை. இரண்டு இணைப்புகளை ஏற்கும் ரவுட்டரை வாங்கி, மொபைலை முதன்மையாகவும் செயற்கைக்கோளை மாற்றாகவும் அமையுங்கள். ஒன்று அறுந்து மற்றொன்றுக்கு மாறும்போது அழைப்பு சில வினாடிகள் துண்டிக்கப்படலாம். நிபுணரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தகரக் கூரை சிக்னலை மறைக்கும் என்பதால் ஆண்டெனாக்களை வெளியே பொருத்திக் கேபிளை உள்ளே கொண்டுவாருங்கள்.

படி 4: குரலுக்கு முன்னுரிமை

படம் மங்கினாலும் வேலை நடக்கும். குரல் அறுந்தால் நின்றுவிடும். ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுங்கள். வீடியோவின் தெளிவைக் குறைத்து வையுங்கள். அதே வைஃபையில் உள்ள மற்ற கருவிகளின் தானியங்கிப் புதுப்பிப்புகளை நிறுத்துங்கள்.

படி 5: படத்தை உறையவைத்து வரையுங்கள்

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். நிபுணர் காண்பது சற்று முன்பு நடந்ததை. அதற்குள் நீங்கள் தலையைத் திருப்பியிருந்தால், சில செயலிகளில் அம்புக்குறி பக்கத்துக் குழாயின் மேல் போய் விழும். தவறான போல்ட்டைக் கழற்ற இது போதும். ஆகவே, ஒரு நிலைப்படம் எடுத்து அனுப்புங்கள். நிபுணர் அதன்மேல் வரையட்டும். அவர் சுட்டிய பாகத்தின் எண்ணையோ நிறத்தையோ வாய்விட்டுச் சொல்லி, “ஆம்” என்ற பதில் வந்த பிறகே கை வையுங்கள்.

அவர் “நிறுத்துங்கள்!” என்று கத்துவதும் தாமதமாகத்தான் வந்துசேரும். மூடியைத் திறக்கும் முன் மின்சாரத்தைத் துண்டித்து, சுவிட்சைப் பூட்டி, சாவியை உங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு வேகமான இணைப்பு இருந்தாலும் நான் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

படி 6: ஒத்திகை

பழுது வருவதற்கு முன்பே ஒருமுறை முழுதாகச் செய்து பாருங்கள். மொபைல் இணைப்பை வேண்டுமென்றே பிடுங்கி, செயற்கைக்கோளுக்கு மாற எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கையேட்டையும் மின்சுற்று வரைபடத்தையும் ஹெட்செட்டிலேயே சேமியுங்கள். இரண்டு இணைப்புகளும் போய்விட்டால் யார், எந்தத் தொலைபேசியிலிருந்து, யாரை அழைப்பது என்பதைத் தாளில் எழுதி இயந்திரத்தின் அருகே ஒட்டிவிடுங்கள்.